‘ஒரு சிலர் செய்த தவறு’ என்று அறிக்கை வந்தால்: கைதிகள் வதைச் செய்தியை வாசிக்கும் முறை

ஓய்வு பெறும்வரை ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் இருந்தவன் நான். ஏஜென்சிகள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி, வெட்டிச் சுருக்கி, தலைப்புப் போட்டு, பக்கத்தை நேரத்துக்கு முடித்துக் கொடுப்பது வேலை. போரில் பிடிபட்டவர்களைக் காவலில் வைத்து வதைத்த செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், பின்தொடரும் அரசு அறிக்கைகள் ஒரே வரிசையில் வருவதைப் பார்த்திருக்கிறேன். இதழியல் படிக்கும் என் பேத்தியும் அவளுடைய தோழிகளும் ‘இந்தச் செய்திகளை எப்படித் தாத்தா வாசிப்பது?’ என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு அபு கிரைப். பாக்தாத்துக்கு மேற்கே இருந்த அந்தச் சிறையில் 2003 இறுதியில் அமெரிக்கப் படையினர் ஈராக்கியக் கைதிகளை வதைத்தது பற்றி ஏராளமான ஆவணங்கள் வெளிவந்திருக்கின்றன. பழகிப் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம்: அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு எது, எந்தத் தேதியில் தெரிந்தது. வலப்பக்கம்: அவர்கள் எதை, எந்தத் தேதியில் வெளியே சொன்னார்கள். கணினியில் செய்தாலும் தவறில்லை. ஆனால் கையால் எழுதினால் தேதி மனத்தில் பதிகிறது.

தொலைக்காட்சியில் படம் வந்த நாளில் கணக்கைத் தொடங்காதீர்கள். உலகம் அபு கிரைப் படங்களைப் பார்த்தது 2004 ஏப்ரல் 28 அன்று, சிபிஎஸ் தொலைக்காட்சியில். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். ஜனவரி 13 அன்று ஜோசப் டார்பி என்ற சிப்பாய், சக வீரர்கள் எடுத்த படங்கள் அடங்கிய குறுந்தகட்டை ராணுவக் குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தார். ஜனவரி 16 அன்று ராணுவம் ஓர் அறிக்கை வெளியிட்டது. காவல் முகாம் ஒன்றில் கைதிகள் துன்புறுத்தப்பட்டதாக வந்த தகவல் குறித்து விசாரணை தொடங்கியிருக்கிறது என்று சில வரிகள். சிறையின் பெயர் இல்லை, படங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரும்பாலான பத்திரிகைகள் அதைச் சட்டை செய்யவில்லை. மார்ச் 20 அன்று ஆறு வீரர்கள் மீது குற்றச்சாட்டுப் பதிவானதை ராணுவப் பேச்சாளர் கிமிட் பாக்தாதில் அறிவித்தார். அதுவும் உள்பக்கத்தோடு போயிற்று.

இன்னும் பின்னால் போகலாம். விடுதலையானவர்களிடம் பேசி, அமெரிக்கக் காவல் முகாம்களில் நடந்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் சார்லஸ் ஹான்லி 2003 நவம்பரிலேயே எழுதினார். கண்ணால் கண்டவர்கள், அனுபவித்தவர்கள் சொன்ன செய்தி அது. படம் இல்லை, ஆகவே எடுபடவில்லை. செஞ்சிலுவைச் சங்கக் குழு 2003 அக்டோபரில் அபு கிரைபுக்குள் போய்ப் பார்த்தது; கண்டதையெல்லாம் தொகுத்த அறிக்கையை 2004 பிப்ரவரியில் அமெரிக்கத் தரப்பிடம் கொடுத்தது. அந்தச் சங்கம் இரகசியமாகத்தான் பேசும், அப்போதுதான் அடுத்த முறையும் சிறைக் கதவு திறக்கும் என்பது அதன் நியதி. ஆகவே ‘செஞ்சிலுவைச் சங்கம் எதுவும் சொல்லவில்லையே’ என்று ஓர் அமைச்சர் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இவ்வளவும் இடப்பக்கம் ஏறியபின் வலப்பக்கம் பாருங்கள். ஏப்ரல் 30 அன்று அதிபர் புஷ் தமக்கு ஆழ்ந்த அருவருப்பு ஏற்பட்டதாகச் சொல்கிறார். குறுந்தகடு கைமாறியதற்கும் இந்த அருவருப்புக்கும் நடுவே மூன்றரை மாதம் இருக்கிறது. இந்த இடைவெளியைத்தான் நான் செய்தி என்பேன். அதிர்ச்சி பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மனிதர் உண்மையிலேயே அதிர்ந்திருக்கலாம். ஆனால் அவரை அதிரவைத்தது நடந்த செயலா, அது ஒளிபரப்பானதா என்பதைத் தேதிதான் சொல்லும்.

ஊடகத்துக்கும் அதே நோட்டில் இடம் கொடுங்கள். சிபிஎஸ் கையில் படங்கள் முன்பே இருந்தன. முப்படைத் தலைமைத் தளபதி ரிச்சர்ட் மையர்ஸ் கேட்டுக்கொண்டதற்காக இரண்டு வாரம் ஒளிபரப்பைத் தள்ளிவைத்தார்கள். ஈராக்கின் ஃபலூஜா நகரில் சண்டை நடக்கிறது, பிணைக் கைதிகள் இருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். புலனாய்வுச் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் இதே செய்தியை நியூயார்க்கர் இதழில் எழுதவிருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் ஒளிபரப்பினார்கள். தயங்கியதைத் தாங்களே நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேர்மை எல்லாரிடமும் இருப்பதில்லை.

அடுத்து மன்னிப்பு. அவசரமே கூடாத இடம் இது. மன்னிப்பு யாரிடம் கேட்கப்பட்டது, யார் வழியாக, எதற்காக என்று மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். மே 5 அன்று புஷ் அல் அரேபியா, அல் ஹுர்ரா ஆகிய இரு அரபுத் தொலைக்காட்சிகளுக்குப் பேட்டி கொடுத்தார். நடந்தது வெறுக்கத்தக்கது என்றார். மன்னிப்பு என்ற பேச்சு இல்லை. மறுநாள் வெள்ளை மாளிகையில் ஜோர்டான் மன்னர் அப்துல்லாவை அருகில் வைத்துக்கொண்டு, ஈராக்கியக் கைதிகளும் அவர்கள் குடும்பங்களும் அடைந்த அவமானத்துக்காக வருந்துவதாக மன்னரிடம் கூறியதாகச் சொன்னார். மன்னர் ஈராக்கியரும் அல்லர், கைதியும் அல்லர். அதே மூச்சில், இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் அமெரிக்காவின் உண்மையான இயல்பையும் இதயத்தையும் புரிந்துகொள்ளவில்லையே என்றும் அதே அளவு வருந்துவதாகச் சேர்த்தார். தலைப்பில் ‘புஷ் வருத்தம்’ என்று போட்டுவிட்டால் இந்த இரண்டாம் பாதி காணாமல் போய்விடும். வருத்தம் இரண்டு என்றால் இரண்டையும் போடுங்கள். இடமில்லை என்று டெஸ்க் சொன்னால், வேறொரு செய்தியில் உள்ள ராணுவ விமானத்தின் விலையை வெட்டச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டின் பேச்சுகளைத் தனிப் பக்கத்தில் எழுதலாம். மே 4 அன்று, இதுவரை சாட்டப்பட்டிருப்பது துன்புறுத்தல்தான், அது நுட்பமாகப் பார்த்தால் சித்திரவதையிலிருந்து வேறுபட்டது என்றார். மே 7 அன்று செனட் ராணுவக் குழுவின் முன் முழுப் பொறுப்பும் தம்முடையது என்றார். ஆழ்ந்த மன்னிப்பும் கேட்டார். அதே அமர்வில், ஆட்கள் டிஜிட்டல் கேமராவோடு அலைகிறார்கள், நம்ப முடியாத இந்தப் படங்களை எடுத்து, சட்டத்துக்குப் புறம்பாக ஊடகங்களுக்குக் கொடுக்கிறார்கள், அவை பென்டகனுக்கே வந்து சேரவில்லை என்று குறைப்பட்டார். பொறுப்பேற்ற வரியையும் கேமராவைக் குறைசொன்ன வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் விமர்சனம் எதுவும் எழுத வேண்டியதில்லை.

அவர் பேச்சை ஓராண்டு முன்னால் போயும் தேடுங்கள். 2003 மார்ச்சில், பிடிபட்ட அமெரிக்க வீரர்களை ஈராக்கியத் தொலைக்காட்சி காட்டியபோது, போர்க்கைதிகளை அவமானப்படுத்திக் காட்டுவது ஜெனீவா ஒப்பந்தத்தை மீறுவது என்று கண்டித்தவர் இதே ரம்ஸ்ஃபெல்டுதான். கண்டித்தது சரியே, 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்து போர்க்கைதிகளைக் காக்கச் சொல்கிறது. தம் ஆட்கள் பிடிபட்டபோது ஒருவர் எந்த அளவுகோலைக் கையில் எடுத்தார் என்று பார்த்து வைத்துக்கொண்டால், எதிரி பிடிபடும்போது அதே அளவுகோலை அவரிடமே நீட்டலாம். எந்த நாட்டுத் தலைவருக்கும் இது பொருந்தும். உங்களுக்குப் பிடித்த தரப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு, கைதிகளைக் குற்றவாளிகளாக்கும் பேச்சு வரும். வராமல் இருந்ததில்லை. மே 11 அன்று ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், கைதிகள் நடத்தப்பட்ட விதத்தைவிட அதைப் பற்றி எழும் கூச்சல்தான் தமக்கு அதிகக் கோபம் தருகிறது என்றார். அவர்கள் போக்குவரத்து விதியை மீறியதற்காக உள்ளே இருப்பவர்கள் அல்லர், கொலைகாரர்கள், பயங்கரவாதிகள் என்றார். அப்படிப்பட்ட வரி வந்தவுடன் அதை மட்டும் அச்சேற்றாதீர்கள். கைதிகள் யார் என்று கணக்குத் தேடுங்கள். கணக்கு அப்போதே கையில் இருந்தது. நான்கு நாள் முன்பு வெளியே கசிந்த செஞ்சிலுவைச் சங்க அறிக்கையில், ஈராக்கில் பிடித்து வைக்கப்பட்டவர்களில் 70 முதல் 90 விழுக்காட்டினர் தவறுதலாகக் கைது செய்யப்பட்டவர்கள் என்று அமெரிக்கா தலைமையிலான கூட்டுப் படையின் உளவுப் பிரிவு அதிகாரிகள் சிலரே மதிப்பிட்டதாக இருந்தது. செனட்டர் வாக்கியத்துக்குக் கீழே அந்த எண். அவ்வளவுதான் உதவி ஆசிரியரின் வேலை.

எல்லா அரசியல்வாதியும் ஒன்று என்று எழுதுவது சோம்பேறித்தனம். இன்ஹோஃபின் கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்கெய்ன், வியட்நாம் போரில் பிடிபட்டு ஹனோய் சிறையில் ஐந்தரை ஆண்டு வதைபட்டவர். தம் கட்சி அதிபரையே எதிர்த்து, கைதிகளைக் கொடுமையாக நடத்துவதைத் தடை செய்யும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 2005 அக்டோபரில் செனட் அதை 90க்கு 9 என்று நிறைவேற்றியது. டிசம்பர் 30 அன்று புஷ் கையெழுத்திட்டார். கூடவே, படைத் தலைவர் என்ற தம் அதிகாரத்துக்கு இசைய அதைப் பொருள்கொள்வதாக ஒரு குறிப்பையும் வெளியிட்டார். சட்டம் நிறைவேறிய செய்தி பலருக்கும் தெரியும், குறிப்பைப் படித்தவர்கள் சிலரே. கையெழுத்தான நாளின் மாலையில் வரும் காகிதங்களையும் படித்துவிடுங்கள்.

போலிப் படம் பற்றி ஓர் எச்சரிக்கை. 2004 மே 1 அன்று லண்டன் டெய்லி மிர்ரர், பிரிட்டிஷ் வீரர்கள் ஈராக்கியக் கைதியைக் கொடுமைப்படுத்துவதாகச் சில படங்களை வெளியிட்டது. படத்தில் தெரிந்த லாரி ஈராக்குக்குப் போகாத வகை என்று கண்டுபிடித்தார்கள். படங்கள் போலி, ஆசிரியர் பியர்ஸ் மார்கன் மே 14 அன்று வேலையிழந்தார். படைப்பிரிவின் மானம் காக்கப்பட்டது என்ற தொனியில் கொண்டாட்டம். ஆனால் குற்றம்சாட்டப்பட்ட அதே குயின்ஸ் லங்காஷயர் படைப்பிரிவின் காவலில்தான், அதற்கு ஏழரை மாதம் முன்பு, பாஸ்ராவில் ஓட்டல் வரவேற்பாளரான 26 வயது பஹா மூசா அடித்தே கொல்லப்பட்டிருந்தார். உடலில் 93 காயங்கள். நீதிபதி வில்லியம் கேஜ் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை 2011இல்தான் வந்தது. ஒரு படம் போலி என்று தெரிந்தால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த வரியிலேயே, அதே இடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது என்ன என்றும் சொல்லுங்கள்.

விசாரணைக் குழு அறிவிப்பு வந்ததும் பலரும் செய்தி முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். என் நோட்டில் அங்கேதான் புதிய பக்கம் தொடங்கும். குழுவை நியமித்தது யார்? அவர் எதுவரை விசாரிக்கலாம்? அபு கிரைப் பற்றி ராணுவத்துக்காக விசாரித்த மேஜர் ஜெனரல் அன்டோனியோ டகூபாவின் அறிக்கை கடுமையானது, நேர்மையானது. வக்கிரமான, அப்பட்டமான குற்றங்கள் நடந்தன என்று மறைக்காமல் எழுதினார். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை 800ஆம் ராணுவப் போலீஸ் படைப்பிரிவை விசாரிப்பது. மேலே பார்க்க அவருக்கு ஏணி கொடுக்கவில்லை. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஷ்லெசிங்கர் தலைமையிலான குழுவை நியமித்தவர் ரம்ஸ்ஃபெல்ட். அது 2004 ஆகஸ்டில், உயர்மட்டத்திலும் அமைப்பு சார்ந்த பொறுப்பும் தனிப்பட்ட பொறுப்பும் உண்டு என்று எழுதியது. ரம்ஸ்ஃபெல்ட் பதவி விலகினால் அமெரிக்காவின் எதிரிகளுக்குத்தான் கொண்டாட்டம் என்று தலைவர் ஷ்லெசிங்கரே சொல்லிவிட்டார். அறிக்கையை ஒரு முறையும் அதை வெளியிட்டவரின் பேச்சை ஒரு முறையும் படியுங்கள். இரண்டும் பல நேரங்களில் வேறு வேறு ஊருக்குப் போகும்.

புஷ் 2004 மே 24 அன்று பென்சில்வேனியாவின் கார்லைலில் உள்ள ராணுவக் கல்லூரியில் பேசியபோது, நாட்டுக்கு இழுக்குத் தேடித்தந்த ஒரு சில வீரர்கள் என்றார். இந்த ‘ஒரு சில’ என்பதைச் சோதிக்க ஆண்டுகள் பிடிக்கும். 11 வீரர்கள் தண்டனை பெற்றார்கள். சார்லஸ் கிரானருக்கு 10 ஆண்டு, லிண்டி இங்கிலாண்டுக்கு 3 ஆண்டு. சிறைகளுக்குப் பொறுப்பான ஜெனரல் ஜானிஸ் கார்பின்ஸ்கி கர்னலாகப் பதவியிறக்கம் செய்யப்பட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரே அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஸ்டீவன் ஜோர்டன். கைதிகளை வதைத்த குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2008 டிசம்பரில் செனட் ராணுவக் குழு, குழுத் தலைவர் லெவின், மெக்கெய்ன் இருவர் பெயரிலும் வெளியிட்ட முடிவில், இது ஒரு சில வீரர்கள் தாமாகச் செய்தது மட்டும் அல்ல என்று எழுதியது. நான்கரை ஆண்டுக்குப் பின் வந்த மறுப்பு. முதல் வாக்கியம் வாங்கிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருந்தால் ஆச்சரியப்படுவேன்.

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கங்களை வெறுமையாக விடுங்கள். தலைப்பு: கைதிகள் என்ன ஆனார்கள். இந்தப் பக்கம் நிரம்ப மிகவும் தாமதமாகும். பள்ளி முதல்வர் ஒருவர், பழ வியாபாரி ஒருவர், அல் ஜசீராவுக்குச் செய்தி சேகரிக்கப் போய்ப் பிடிபட்ட செய்தியாளர் ஒருவர் என மூன்று ஈராக்கியர்கள், விசாரணையாளர்களை அனுப்பிய சிஏசிஐ என்ற ஒப்பந்த நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு 2008இல் தொடங்கியது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நீதிமன்றத்தில் ஜூரிகள், மூவருக்குமாக 4.2 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன நாள் 2024 நவம்பர் 12. அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்து ஒரு வாரம். பத்திரிகைகள் எல்லாம் புதிய அமைச்சர் பட்டியலில் மூழ்கியிருந்தன. இத்தகைய தீர்ப்புகளைத் தேட முதல் பக்கத்துக்குப் போகாதீர்கள். நீதிமன்றச் செய்திகளில், வழக்காடியவர்களின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அதனால்தான் அந்தப் பெயர்களை முதல் நாளே நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.