ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானத்தைப் படிப்பது எப்படி?

உலக அரசியல் விவாதங்களில் "ஐ.நா. தீர்மானமே இருக்கிறதே" என்ற வாதம் அடிக்கடி வரும். அது யாரைக் கட்டுப்படுத்துகிறது, என்ன செய்யச் சொல்கிறது என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. காரணம், செய்தித் தலைப்பைப் படித்த அளவுக்கு மூலத்தை யாரும் படிப்பதில்லை. பெரும்பாலான தீர்மானங்கள் சில பக்கங்கள்தான். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

முதலில், கையில் இருக்கும் ஆவணம் எது என்று உறுதி செய்யுங்கள். ஐ.நா. இணையதளத்தில் மூலம் ஆறு அலுவல் மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் அதில் இல்லை என்பதால் ஆங்கிலப் பிரதியை எடுங்கள். நிறைவேறிய தீர்மானத்தின் தலையில் 'எஸ்/ரெஸ்/1973 (2011)' என்பது போன்ற குறியீடு இருக்கும்; 'எஸ்' பாதுகாப்பு கவுன்சிலையும் 'ரெஸ்' தீர்மானத்தையும் குறிக்கும். 'ரெஸ்' இல்லாமல் 'எஸ்', ஆண்டு, எண் என்று மட்டும் இருந்தால் அது வரைவாகவோ, ஏதோ ஒரு நாடு எழுதிய கடிதமாகவோ இருக்கலாம். வீட்டோவில், அதாவது நிரந்தர உறுப்பினர் ஒருவரின் எதிர்ப்பு வாக்கில், விழுந்த வரைவுக்குத் தீர்மான எண்ணே கிடையாது. கவுன்சில் தலைவரின் அறிக்கை என்பது வேறு: கவுன்சிலின் 15 உறுப்பினர்களும் ஒத்துக்கொண்டால் வாக்கெடுப்பு இல்லாமல் வெளிவரும். பத்திரிகை அறிக்கைக்கு அதைவிடவும் எடை குறைவு. ஆனால் இவை எல்லாமே 'ஐ.நா. கண்டனம்' என்ற ஒரே தலைப்பில் செய்தியாகிவிடுகின்றன.

அடுத்து, எண் இல்லாத பத்திகளைத் தாண்டி எண் போட்ட பத்திகளுக்குப் போங்கள். எண் இல்லாதவை முகவுரை. பழைய தீர்மானங்களை நினைவுகூர்வதும் கவலை தெரிவிப்பதும் அங்கேதான். முகவுரையில் கட்டாயம் பார்க்க வேண்டியது கடைசி ஓரிரு வரிகள். நிலைமை 'சர்வதேச அமைதிக்கு அச்சுறுத்தல்' என்று கவுன்சில் தீர்மானித்திருக்கிறதா, '(ஐ.நா.) சாசனத்தின் 7-ஆம் அத்தியாயத்தின் கீழ்' என்ற சொற்கள் உண்டா என்று கவனியுங்கள். அந்த அத்தியாயத்தின் 41-ஆவது பிரிவு பொருளாதாரத் தடை போன்றவற்றுக்கும், 42-ஆவது பிரிவு படை பலத்துக்கும் வழி திறக்கிறது. 7-ஆம் அத்தியாயம் இல்லையென்றால் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு, அது தவறு. கவுன்சிலின் முடிவுகளை உறுப்பு நாடுகள் ஏற்று நிறைவேற்ற வேண்டும் என்கிறது சாசனத்தின் 25-ஆவது பிரிவு. அதன் கீழ் வரும் கட்டுப்பாடு 7-ஆம் அத்தியாயத்தோடு மட்டும் நிற்பதில்லை, தீர்மானத்தின் வாசகத்தையும் சூழலையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 1971-இல் நமீபியா குறித்த கருத்துரையில் சொல்லியிருக்கிறது.

தீர்மானத்தின் உயிர் எண் போட்ட பத்திகளின் வினைச்சொற்களில் இருக்கிறது. ஒரு பென்சிலை எடுத்து அவற்றை மட்டும் கோடிடுங்கள். 'டிசைட்ஸ்' என்றால் கவுன்சில் முடிவெடுத்துவிட்டது; நாடுகள் நிறைவேற்றியாக வேண்டும். 'டிமாண்ட்ஸ்' என்பது கண்டிப்பான கோரிக்கை. 'கால்ஸ் அபான்', 'அர்ஜஸ்' இரண்டும் வேண்டுகோளின் பக்கம் சாய்பவை. 'ஆதரைசஸ்' கட்டளை அல்ல, அனுமதி.

இந்த வேறுபாட்டுக்கு ஈரான் ஏவுகணை விவகாரத்தைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. 2010-இல் வந்த 1929-ஆவது தீர்மானத்தின் 9-ஆவது பத்தி 'டிசைட்ஸ்' என்று தொடங்கி, அணு ஆயுதம் சுமக்கக்கூடிய ஏவுகணைகள் தொடர்பான எந்த நடவடிக்கையிலும் ஈரான் ஈடுபடக் கூடாது என்றது. ஈரானின் அணுசக்தித் திட்டத்துக்கு வரம்பு வைக்க வல்லரசுகள் அதனோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பின், 2015 ஜூலையில் 2231-ஆவது தீர்மானம் வந்தது. அங்கே ஏவுகணை பற்றிய வாசகம் பின்னிணைப்புக்குப் போய்விட்டது. வினையும் 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று இளகியது. 'சுமக்கக்கூடிய' என்ற இடத்தில் 'சுமக்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட' என்று மாறியது. 2016-இல் ஈரான் சோதனை நடத்தியபோது அமெரிக்காவும் மூன்று ஐரோப்பிய நாடுகளும் அது தீர்மானத்துக்கு 'ஒவ்வாதது' என்று எழுதின, 'மீறல்' என்று எழுதவில்லை. வேண்டுகோள் வேறு, தடை வேறு என்றது ரஷ்யா. பின்னிணைப்பைப் படிக்காமல் இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ளவே முடியாது. ஆகவே கடைசிப் பக்கம்வரை புரட்டுங்கள்.

அனுமதி தரும் பத்தியில் எல்லை எது என்று பாருங்கள். லிபியா குறித்த 1973-ஆவது தீர்மானம் பொதுமக்களைக் காக்க 'தேவையான எல்லா நடவடிக்கைகளுக்கும்' அனுமதி தந்தது. அதே பத்தியில் அந்நிய ஆக்கிரமிப்புப் படைக்கு இடமில்லை என்றும் சொன்னது. ஆட்சி மாற்றத்துக்கு அதில் அனுமதி இருந்ததா என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை.

பிறகு வாக்குக் கணக்கு. தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வாக்குகள் வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) யாரும் எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. நிரந்தர உறுப்பினர் விலகி நிற்பது வீட்டோ ஆகாது. 1973-ஆவது தீர்மானம் 10 ஆதரவோடு நிறைவேறியபோது விலகி நின்ற ஐவரில் ரஷ்யாவும் சீனாவும் உண்டு. இந்தியா, ஜெர்மனி, பிரேசில் மற்ற மூன்று. நடைமுறை சார்ந்த விஷயங்களில் வீட்டோ செல்லாது. உக்ரைன் குறித்த வரைவு 2022 பிப்ரவரி 25-இல் 11 ஆதரவு, 1 எதிர்ப்பு, 3 விலகல் என்ற நிலையில் ரஷ்ய வீட்டோவால் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, பொதுச் சபையின் அவசரச் சிறப்பு அமர்வைக் கூட்டும் 2623-ஆவது தீர்மானம் அதே 11-1-3 கணக்கில் நிறைவேறியது. அது நடைமுறைத் தீர்மானம் என்பதுதான் வித்தியாசம். அந்த அமர்வில் மார்ச் 2-ஆம் தேதி 141 நாடுகள் ஆதரித்த தீர்மானம் பரிந்துரைதான். அரசியல் கனம் உண்டு, கட்டாயம் இல்லை.

எண்ணிக்கையோடு நிறுத்தாமல், 'எஸ்/பிவி' என்று தொடங்கும் கூட்டப் பதிவில் ஒவ்வொரு நாடும் தந்த வாக்கு விளக்கத்தைப் படியுங்கள். 2024 மார்ச் 25-இல் காஸாவில் ரமலான் மாதப் போர்நிறுத்தத்தைக் கோரிய 2728-ஆவது தீர்மானம், அமெரிக்கா விலகி நிற்க, 14 வாக்குகளில் நிறைவேறியது. வினைச்சொல் 'டிமாண்ட்ஸ்'. அமெரிக்கத் தூதர் உடனே இது கட்டுப்படுத்தாது என்றார். கவுன்சில் தீர்மானங்கள் கட்டுப்படுத்துபவையே என்று மற்றவர்கள் மறுத்தார்கள். வாக்குக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு இந்தப் பிளவு தெரியாமலே போயிருக்கும்.

தமிழ் வாசகர்கள் அதிகம் குழம்பும் இடம் ஜெனிவா. இலங்கை குறித்து அங்கே வருபவை பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானங்கள் அல்ல, ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் என்ற வேறொரு அமைப்பின் தீர்மானங்கள். அதில் 47 உறுப்பினர்கள், வீட்டோ கிடையாது, தீர்மானத்துக்குக் கட்டாய வலுவும் கிடையாது. ஆதரவு, எதிர்ப்பு வாக்குகள் மட்டுமே எண்ணப்படும். அதனால்தான் 2021 மார்ச்சில் இலங்கை குறித்த 46/1 தீர்மானம் 22 ஆதரவு, 11 எதிர்ப்பு என்ற கணக்கில், பாதி உறுப்பினர்களின் ஆதரவுகூட இல்லாமல் நிறைவேறியது. இந்தியா உட்பட 14 நாடுகள் விலகி நின்றன. கட்டாயம் இல்லை என்பதால் பயனில்லை என்று தள்ளிவிடாதீர்கள்: உரிமை மீறல்களுக்கான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது அதே தீர்மானம்தான். அந்தப் பத்தி இலங்கை அரசைக் கேட்டுக்கொள்ளவில்லை, ஐ.நா.வின் சொந்த அலுவலகத்துக்கு வேலை கொடுத்தது. இலங்கையின் சம்மதம் இல்லாமலே அது நடக்க முடிந்தது அதனால்தான்.