புது வண்டியோடு பாலைவனத்துக்கு: வேலூரிலிருந்து கிளம்புமுன் மணலில் பழகிக்கொள்ளும் முறை

தார், ஜிம்னி, கூர்க்கா என்று நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியை ஆசைப்பட்டு வாங்கியவர்கள், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை ஏறி இறங்கியதும், அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கத் தொடங்குவது இயல்பு. பலருக்கு அந்தக் கேள்விக்கான விடை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மணல்மேடுகள்தான். வேலூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48, கிருஷ்ணகிரி, பெங்களூரு, புணே, மும்பை, சூரத் என்று நீண்டு அகமதாபாத்தைத் தொடுகிறது; அங்கிருந்து பார்மேர் வழியாக ஜெய்சல்மேரை அடையலாம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். இந்தத் தொலைவைத் தார்ச்சாலையில் கடப்பது பொறுமை உள்ள எவராலும் முடியும். சாலையை விட்டு இறங்கிய முதல் நூறு மீட்டரில்தான் வண்டிகள் புதைகின்றன. அந்த நூறு மீட்டருக்கான பழக்கத்தை ஊரிலேயே பெற்றுக்கொண்டு புறப்படுவது எப்படி என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி எது என்று பாருங்கள்

ஒரே பெயரில் இருவகை வண்டிகள் விற்கப்படுகின்றன. தார் வண்டியில் பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் வகை 2023 ஜனவரியிலிருந்து விற்பனையில் உள்ளது. 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸிலும் டீசல் வண்டிகளில் சிலவற்றுக்கு மட்டுமே நான்கு சக்கர விசை உண்டு. பின்சக்கர விசை வண்டியோடு மணல்மேட்டில் ஏற முயல வேண்டாம். கியர் லிவருக்கு அருகில் 2எச், 4எச், 4எல் என்று குறித்த இன்னொரு சிறு லிவர் இருந்தால் உங்கள் வண்டி மணலுக்கு ஏற்றது. 2எச் என்பது பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை தரும் நிலை; 4எச் என்பது நான்கு சக்கரங்களுக்கும் விசை தந்து வழக்கமான வேகத்தில் செல்லும் நிலை. மணலில் பெரும்பாலான நேரம் 4எச் போதும். 4எல் என்பது மிக மெதுவாகவும் மிகுந்த இழுவிசையோடும் செல்வதற்கான நிலை. செங்குத்தான சரிவில் இறங்கவும், புதைந்த இடத்திலிருந்து வெளியே வரவும் அது உதவும். தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல் (இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பல்சக்கரத் தொகுதி) இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் 4எச்சில் ஓட்டித் திரும்பினால் பல்சக்கரங்கள் முறுக்கேறிப் பழுதாகும். ஆகவே மணலில் இறங்கும்போது போட்டு, சாலையில் ஏறியதும் எடுத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புத்தம்புது வண்டிக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. முதல் 1,000 கிலோமீட்டர் வரை எஞ்சினுக்கு அதிகச் சுமை தரக் கூடாது என்று கையேடுகள் சொல்கின்றன. மணலை விடப் பெரிய சுமை ஓர் எஞ்சினுக்குக் கிடையாது. ஷோரூமிலிருந்து எடுத்த வாரமே ஜெய்சல்மேருக்குக் கிளம்புவோரின் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சென்னைக்கும் திருவண்ணாமலைக்கும் சில முறை போய்வந்து, முதல் சர்வீஸை முடித்த பிறகு மணலுக்குச் செல்வதே வண்டிக்கு நல்லது.

டயரில் காற்று

மணலோட்டத்தில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள். குதிரைத்திறனும் விலையுயர்ந்த டயரும் செய்ய முடியாத வேலையைக் காற்றைக் குறைப்பது செய்துவிடும்.

இதை வீட்டு வாசலின் சிமெண்ட் தரையிலேயே கண்ணால் பார்க்கலாம். டயரில் வழக்கமான 32 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருக்கும்போது, டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு தடித்த காகிதத்தை முட்டும் வரை செருகி, அந்த இரண்டு கோடுகளையும் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வு மூடியைக் கழற்றி, கேஜால் அளந்துகொண்டே 18 பி.எஸ்.ஐ வரை காற்றை இறக்கி, மீண்டும் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். கோடுகளுக்கு இடையிலான நீளம் கண்கூடாகக் கூடியிருக்கும்; அகலம் சற்றே கூடியிருக்கும். ஒட்டகத்தின் பாதம் மிதிக்கும்போது விரிவதைப் போல டயர் விரிந்து, அதே எடையைக் கூடுதல் பரப்பில் பகிர்ந்துகொள்கிறது. ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ எடை இருப்பதாகக் கொண்டால், 32 பி.எஸ்.ஐயில் அந்த எடையைத் தாங்கும் பரப்பு சுமார் 155 சதுர சென்டிமீட்டர், 16 பி.எஸ்.ஐயில் அது கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். டயரின் பக்கச்சுவரும் சிறிது எடையைத் தாங்குவதால் இந்தக் கணக்கு துல்லியமானதல்ல. ஆனால் மணல் ஏன் புதைக்காமல் விடுகிறது என்பதை இது விளக்கப் போதுமானது.

நடைமுறையில் 18 முதல் 20 பி.எஸ்.ஐயில் தொடங்குங்கள். வண்டி திணறினால் 15 வரை இறக்கலாம். 12 என்பது புதைந்த வண்டியை எடுப்பதற்கான அவசர அளவு. அதற்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் சக்கரத்தின் விளிம்பிலிருந்து (ரிம்) கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்று குறைந்த டயரோடு வேகமாகப் போகவோ சட்டென்று திரும்பவோ கூடாது. மணிக்கு 30, 40 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். சாலையில் ஏறுவதற்கு முன் நான்கு டயர்களிலும் மீண்டும் காற்று நிரப்பியே ஆக வேண்டும். காற்று குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஓடினால், பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடித்துவிடும். பாலைவனத்தில் பஞ்சர் கடை தேடி அலைய முடியாது என்பதால், பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டி இயக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்புகள் பெரிய டயர்களை நிரப்புவதற்குள் சூடாகி நின்றுவிடும். சில வேளை ஃபியூஸும் போகும்.

அளக்கும் நேரமும் முக்கியம். வெப்பநிலை ஐந்தரை டிகிரி கூடினால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ கூடும். வேலூர் வெயிலில் மதியம் அளப்பதும் அதிகாலையில் அளப்பதும் ஒன்றாக இருக்காது. குளிர்காலத்து ஜெய்சல்மேரிலும் இரவுக்கும் பகலுக்கும் இடையே மூன்று நான்கு பி.எஸ்.ஐ வேறுபாடு வரும். ஆகவே எப்போதும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போதே அளந்து, குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

டயரின் வகையைப் பற்றி ஒரு சொல். சேற்றுக்கு என்று ஆழமான பள்ளங்கள் கொண்ட எம்.டி டயரைப் பார்த்து மயங்குவோர் அதிகம். அந்த டயர் மணலைத் தோண்டித் தன்னைத் தானே புதைத்துக்கொள்ளும். வண்டியோடு வந்த சாதாரண டயரோ, எல்லா வகைத் தரைக்கும் பொதுவான ஏ.டி டயரோ காற்று குறைத்த நிலையில் மணலில் அதைவிட நன்றாக மிதக்கும். அரக்கோணத்தில் டயர் தொழிற்சாலையே வைத்திருக்கும் நாம் டயர் விஷயத்தில் விளம்பரத்துக்கு மயங்காமல் இருக்க வேண்டும்.

எங்கே பழகுவது

வட ஆர்க்காட்டில் மணல் என்றதும் பாலாறுதான் நினைவுக்கு வரும். வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்த அகன்ற படுகையைப் பார்க்கும்போது வண்டியை இறக்க ஆசை வரும். தயவுசெய்து இறக்காதீர்கள். அந்தப் படுகையில் உள்ள உறிஞ்சு கிணறுகளிலிருந்துதான் நம் ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் வருகிறது. பல ஆண்டுகளாக மணல் அள்ளிய குழிகள் மேலே மணல் மூடிக் கிடப்பதால் வண்டி கவிழவும் வாய்ப்புண்டு. மணல் கடத்தலால் நொந்துபோன கரையோர மக்கள், ஆற்றில் இறங்கும் எந்த வண்டியையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. ஜவ்வாது மலையின் காப்புக்காடுகளும் அமிர்திப் பக்கத்துக் காடுகளும் விலக்கப்பட வேண்டியவை; அங்கே பாதையை விட்டு விலகுவது வனச் சட்டப்படி குற்றம்.

அதற்கு மாற்று வழி எளிது. பாலாற்றங்கரை ஊர்களில் மணற்பாங்கான பட்டா நிலங்களும் தென்னந்தோப்புகளும் ஏராளம். உறவினரோ நண்பரோ வைத்திருக்கும், பயிர் இல்லாத ஒரு துண்டு நிலத்தை அவருடைய சம்மதத்தோடு அரை நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பதை அவரிடமே கேட்டு, அந்த இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். சீமைக் கருவேல முள் கிடக்கிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அதே முள் ராஜஸ்தானிலும் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதால், டியூப்லெஸ் டயரில் பஞ்சர் போடவும் இங்கேயே பழகிவிடலாம். கத்திரி வெயில் நாட்களில் இதைச் செய்ய வேண்டாம்.

அந்த நிலத்தில் செய்ய வேண்டிய பயிற்சி இதுதான். 32 பி.எஸ்.ஐயில் ஒரு முறை மெதுவாக ஓட்டுங்கள், அடுத்து 24, அடுத்து 18. ஒவ்வொரு முறையும் அதே கியரில் அதே தடத்தில் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காலால் உணருங்கள். பிரேக் மிதித்து நிறுத்துவதற்கும், மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இறங்கிப் பாருங்கள்: பிரேக் பிடித்த இடத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு சிறு மணல் அணை குவிந்திருக்கும். மறுபடி கிளம்பும்போது வண்டி முதலில் அந்த அணையைத்தான் ஏற வேண்டும். மணலில் புதைவதற்குப் பாதிக் காரணம் அந்த அணைதான்.

ஆற்று மணலில் கிடைத்த தன்னம்பிக்கையை அப்படியே பாலைவனத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது. ஆற்று மணலின் துகள்கள் கோணலும் முனையும் கொண்டவை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பானது, நழுவும். இங்கே 20 பி.எஸ்.ஐயில் எளிதாகப் போன வண்டிக்கு அங்கே 16 தேவைப்படலாம்.

மணல்மேட்டில்

மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காற்று வீசும் பக்கம் சாய்வாகவும் இறுகியும் இருக்கும். மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் சரிந்து, கால் வைத்தாலே வழியும் அளவுக்கு இளகியிருக்கும். எந்த மேட்டையும் ஏறுவதற்கு முன் நிறுத்தி, இறங்கி, உச்சி வரை நடந்து சென்று மறுபக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டகமோ குடும்பமோ இன்னொரு வண்டியோ இருக்கலாம். அதிகாலையிலும் பிற்பகலிலும் சாய்ந்த வெயில் மேடு பள்ளங்களை நிழலால் காட்டிக்கொடுக்கும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். பனி இறங்கிய அதிகாலை மணல் சற்று இறுகியும் இருக்கும்.

ஏறும்போது நேர்க்கோட்டில் ஏறுங்கள். 4எச்சில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் அடிவாரத்திலேயே வேகத்தைப் பெற்றுக்கொண்டு, மேலே போகப் போக ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, உச்சியில் வண்டி ஏறக்குறைய நின்றுவிடும் நிலையில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். உச்சியை வேகமாகத் தாண்டினால் வண்டி பறந்து மூக்கால் மோதும். ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால் அங்கேயே திரும்ப முயலாதீர்கள். ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். சரிவில் குறுக்காக நிற்கும் வண்டி உருளும்; பாலைவன விபத்துகளில் மிகக் கொடியது இதுதான். இறங்கும்போது கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கைச் சரிவின் கீழ்நோக்கித் திருப்பி, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வண்டி நேராகிவிடும். நிறுத்துவதாக இருந்தால் மூக்கு கீழ்நோக்கி இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலை மணலில் அணைத்து வைப்பது நல்லது. சக்கரம் வழுக்கும்போது அது எஞ்சினின் விசையைக் குறைத்து, தேவைப்படும் நேரத்தில் வேகத்தைப் பறித்துவிடும். சாலையில் ஏறியதும் மறக்காமல் மீண்டும் இயக்குங்கள்.

புதைந்துவிட்டால்

மிதிக்க மிதிக்க வேகம் குறைகிறது என்று உணர்ந்த நொடியில் காலை எடுங்கள். அந்த நொடியில் எடுத்தவருக்குப் பத்து நிமிட வேலை. இன்னும் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றியவருக்கு ஒரு மணி நேர வேலை. முதலில் ரிவர்ஸில் வந்த தடத்திலேயே பின்வாங்கிப் பாருங்கள். நகராவிட்டால் வண்டியின் அடிப்பகுதி மணலில் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, உட்கார்ந்திருந்தால் மண்வெட்டியால் அந்த மணலைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் சாய்வாக வழி வெட்டி, காற்றை இன்னும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ குறையுங்கள். மணல் பலகைகள் இருந்தால் சக்கரத்துக்கு அடியில் நன்றாகச் செருகி, மிக மெதுவாக ஏறுங்கள்.

இன்னொரு வண்டியால் இழுப்பது கடைசி வழி. இதில் உயிருக்கு ஆபத்து உண்டு. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் ஒருபோதும் கயிறு மாட்டாதீர்கள். அது பிய்ந்தால் குண்டு போலப் பாயும். சட்டகத்தோடு இணைந்த, இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும் மாட்டி, கயிற்றின் நடுவில் கனத்த போர்வை ஒன்றைப் போட்டு, வேடிக்கை பார்ப்போரைக் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். கைகளுக்குக் கனமான தோல் கையுறை வேண்டும். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்கும் நமக்கு அது கிடைப்பது எளிது.

ஜெய்சல்மேரில்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம், கோடையில் வேண்டாம். 2016 மே மாதம் அதே தார் பாலைவனத்தின் பலோதியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. சாம் மணல்மேடுகள் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கின்றன; ஒட்டகச் சவாரிக்கு வருவோர் கூட்டம் அங்கே மிகுதி என்பதால், புதியவர்கள் உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, அவர் காட்டும் இடத்தில் ஓட்டுவது எல்லோருக்கும் நல்லது. அருகிலுள்ள பாலைவனத் தேசியப் பூங்கா, அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் வாழும் இடம். அது தரையில் முட்டையிடும் பறவை. அதன் எல்லைக்குள் பாதையை விட்டு ஒரு சக்கரம்கூட விலகக் கூடாது. பாகிஸ்தான் எல்லையை ஒட்டித் தடை செய்யப்பட்ட பகுதிகளும் உண்டு. காவல் நிலையத்தில் விசாரிக்காமல் அந்தத் திசையில் மணலில் இறங்க வேண்டாம். சாட்டிலைட் போனை அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம் என்பதால், வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்ததை எடுத்துச் செல்லாதீர்கள்.

தனி வண்டியாகப் போகக் கூடாது. குறைந்தது இரண்டு வண்டிகள் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் குடிநீர், மணலில் இரு மடங்கு வரை செலவாகும் எரிபொருள், ஜாக்கியின் கீழே வைக்க ஓர் அகலமான பலகை, இரவுக் குளிருக்குக் கம்பளி ஆகியவை கட்டாயம். இன்சூரன்ஸ் பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்து, சாலைக்கு வெளியே ஏற்படும் சேதத்தைப் பற்றி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் புறப்படும் நாளில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி, சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கி, ரேடியேட்டர் கண்ணிகளில் அடைத்த புழுதியை ஊதி, டயர்களில் கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்று நிரப்புங்கள். ஊர் வந்ததும் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, அடிப்பகுதியையும் பிரேக் தட்டுகளின் இடுக்குகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள்.