நுவரெலியாக் குளிரில் கோவாச் சுருள்

கோவா இலைக்குள் அரிசியும் இறைச்சியும் பொதிந்து, தக்காளிக் குழம்பு ஊற்றி, ஓவனில் வைத்து எடுக்கும் சுருளை நான் முதன்முதலில் செய்தது ஒரு நத்தார் நாளில். கையிலிருந்த குறிப்பில் ஒரு மணிநேரம் போதும் என்று எழுதியிருந்தது. அந்த நேரம் முடிந்து தட்டை வெளியே எடுத்தபோது மேற்புறம் சிவந்திருந்தது, மணமும் நன்றாகவே இருந்தது. ஆனால் வெட்டி வாயில் வைத்தால் அரிசி நறநறவென்று பல்லில் கடிபட்டது, இலையின் நடுநரம்போ பச்சைத் தண்டாகவே இருந்தது. வந்திருந்த உறவினர்கள் மரியாதைக்காக உள்ளிருந்த இறைச்சியை மட்டும் கிண்டிச் சாப்பிட்டார்கள். எங்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் சமைத்ததுதான் தவறு என்பது பிறகே விளங்கியது.

கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. 300 மீற்றர் ஏறினால் சுமார் ஒரு பாகை குறையும் என்று வைத்துக்கொண்டால், ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் அது 96 பாகை அளவில் நிற்கும். ஓவனின் முள்ளை 180இல் வைத்தாலும், மூடிய தட்டுக்குள் குழம்பில் கிடக்கும் சுருள் அந்தக் குழம்பு கொதிக்கும் சூட்டைத் தாண்டாது. முள்ளை 220க்குத் திருப்பினால் குழம்புதான் வேகமாக வற்றும், அரிசி வேகாது. போலந்தில் ‘சின்னப் புறாக்கள்’ என்று பொருள்படும் கொவொம்ப்கி என்ற பெயரிலும், ருமேனியாவில் சர்மாலே என்ற பெயரிலும் வழங்கும் இந்த உணவுக்கான குறிப்புகள் நம் கைக்கு வரும்போது அவற்றிலுள்ள நேரம் சமவெளி அடுப்புக்கு உரியதாகவே இருக்கும். அதனால் இங்கே அரிசியை முன்கூட்டியே முக்கால்வாசி வேகவைக்க வேண்டும், இலையை நன்றாக இளக்க வேண்டும், மூடி வைக்கும் நேரத்தையும் கூட்ட வேண்டும்.

கோவா கிடைப்பதில் நமக்குக் குறையே இல்லை. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கு வந்து குடியேறி ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட்ட காலம்தொட்டு இது கோவா விளையும் மண். ஆனால் கடைக்காரர் நல்லதென்று எடுத்துத் தரும் கல் போன்ற கனத்த கோவா இதற்கு உதவாது. சுண்டலுக்கு அது அருமை, சுருளுக்கு எதிரி. இறுக்கமாக மூடிய இலைகளைப் பிரித்தெடுக்கும்போது பாதி கிழிந்துவிடும். கையில் தூக்கும்போது அளவுக்குக் கனம் குறைவாகவும், உச்சி சற்றுத் தட்டையாகவும், அழுத்தினால் கொஞ்சம் அமுங்குவதாகவும் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு கோவாவில் சுருட்டத்தக்க பன்னிரண்டு இலைகள் தேறும். கிழிந்த வெளியிலைகளை எறிய வேண்டாம், அவற்றுக்கும் வேலை இருக்கிறது.

அடித்தண்டைச் சுற்றிக் கூரான கத்தியால் கூம்பு வடிவில் ஆழமாக வெட்டி எடுங்கள். பெரிய பானையில் உப்பிட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, வெட்டிய குழி கீழே இருக்கும்படி கோவாவை முழுதாக இறக்கினால், ஐந்தாறு நிமிடங்களில் வெளியிலைகள் தாமாகவே நெகிழ்ந்து பிரியத் தொடங்கும். நெகிழ்ந்தவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு மற்றதை மீண்டும் கொதிநீரில் விட வேண்டும். கழற்றிய இலைகளை அதே நீரில் மேலும் நான்கு நிமிடங்கள் போட்டெடுங்கள். நடுநரம்பை இரண்டாக மடித்துப் பார்த்தால் அது ஒடியாமல் வளைய வேண்டும். டக்கென்று ஒடிந்தால் இன்னும் ஒரு நிமிடம் தேவை.

ஆறிய இலையை உட்புறம் பலகையில் படும்படி கவிழ்த்து வைத்தால், நடுநரம்பு முதுகெலும்பு போலப் புடைத்து நிற்பது தெரியும். கத்தியை இலைக்குக் கிடையாகச் சாய்த்து, அந்தப் புடைப்பை மட்டும் இலையின் தடிப்பளவுக்குச் சீவி எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் இலையில் ஓட்டை விழும். சீவாமல் விட்டால் சுருட்டும்போது இலை விறைத்துத் திறந்துகொள்ளும். அவசரப்படுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பொதிவதற்கு நூறு கிராம் சம்பா அரிசியைக் களைந்து நிறைய நீரில் வேகவிட்டு, ஒரு பருக்கையை விரல்களுக்கிடையே நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும் பதத்தில் வடித்து ஆறவிடுங்கள். ஒரு பெரிய வெங்காயத்தையும் ஒரு லீக்ஸின் வெள்ளைப் பகுதியையும் பொடியாக அரிந்து, நான்கு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் கறிவேப்பிலை ஆகியவற்றை நறுக்கிச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி பட்டரில் வதக்குங்கள். அது ஆறிய பின் நானூறு கிராம் அரைத்த இறைச்சி, வடித்த அரிசி, தலா ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் வறுத்த சரக்குத்தூளும், தேவையான உப்பு ஆகியவற்றோடு கையால் பிசைய வேண்டும். அடித்துப் பிசைந்தால் இறைச்சி உருண்டை போல இறுகிவிடும் என்பதால் கலந்தவுடன் நிறுத்திவிடுங்கள். ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் தம் கொழுப்பிலேயே மென்மையாக வேகும். கோழியின் நெஞ்சிறைச்சி மட்டும் என்றால் வறண்டுவிடும், தொடையிறைச்சியைக் கலந்து அரைக்கச் சொல்லுங்கள். மரக்கறி உண்பவர்களுக்கு, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து கொத்திய சோயா மீட்டும் மசித்த உருளைக்கிழங்கும் பொருந்தும். உருளைக்கிழங்குதான் இறைச்சிக்குப் பதிலாக எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும்.

தேநீர்க்கடை ரோல்ஸ் சுற்றத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. தண்டுப்பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி இலையை விரித்து, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய அளவு கலவையைத் தண்டருகே நீளவாக்கில் வைத்து, தண்டுப்பக்கத்தை அதன்மேல் மடித்து, இரு ஓரங்களையும் உள்ளே தள்ளி, முன்னோக்கி உருட்டிக்கொண்டு போங்கள். அரிசி இன்னும் ஊதும் என்பதால் இறுக்கிச் சுற்றக் கூடாது.

குழம்புக்கு அரைக் கிலோ பழுத்த தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து மசித்து, வதக்கிய வெங்காயத்தோடு ஒரு கோப்பை நீர், உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி சேர்த்துப் பத்து நிமிடங்கள் கொதிக்கவிடுங்கள். புளிப்பு, மரக்கறி இளகுவதைத் தாமதப்படுத்தும். இலையை முதலிலேயே நன்றாக இளக்கச் சொன்னதற்கு உயரத்தோடு இதுவும் ஒரு காரணம். அரைவேக்காட்டு இலை தக்காளிக்குள் போய்விட்டால் பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் முரண்டு பிடிக்கும்.

ஒதுக்கிய கிழிந்த இலைகளில் பாதியை ஆழமான தட்டின் அடியில் பரப்பினால் அடிப்பிடிக்காது. அதன்மேல் சுருள்களை மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி நெருக்கமாக அடுக்கி, முக்கால் உயரத்துக்குக் குழம்பை ஊற்றி, மீதி இலைகளால் மூடிய பின் அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டுங்கள். தக்காளிப் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதால் இந்த இலை மூடி இடையில் இருப்பது நல்லது. 180 பாகையில் ஒன்றரை மணிநேரம் வைத்து, பிறகு தாளையும் மேலிலைகளையும் நீக்கி, அரைக் கோப்பை தேங்காய்த் தலைப்பாலை மேலே ஊற்றி இன்னும் இருபது நிமிடங்கள் விட்டால், குழம்புக்கு வெளியே நிற்கும் இலை முதுகுகள் ஆங்காங்கே பொன்னிறமாகக் கருகி வரும். தலைப்பாலை முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். நடுவிலுள்ள சுருளை வெட்டி, அரிசியைக் கடித்துப் பார்த்த பிறகே அடுப்பை அணையுங்கள்.

ஓவன் இல்லாத வீடுகளில் அடி கனத்த பாத்திரத்தில் இதே முறையில் அடுக்கி, விறகடுப்பின் தணலில் ஏற்றி, தட்டையான மூடியின்மேல் சிரட்டைக் கரி நெருப்பைப் பரப்பி இரண்டு மணிநேரம் விடலாம். கீழே சூடு குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருக்க வேண்டும். நத்தார் காலத்தில் கேக் தட்டுகளைப் பேக்கரிப் போறணையில் கொடுத்து வாங்கும் பழக்கம் உள்ளவர்கள், பாண் எடுத்து முடிந்த பின் இந்தத் தட்டையும் உள்ளே தள்ளித்தரச் சொல்லிக் கேட்கலாம். ஆறிவரும் போறணைச் சூட்டில் இரண்டு மணிநேரம் கிடந்து வரும் சுருளுக்கு வீட்டு ஓவனால் ஈடுகொடுக்க முடியாது என்பது என் எண்ணம்.

எடுத்தவுடன் பரிமாறினால் சுருள் குலைந்துவிடும்; கால் மணிநேரம் ஆறவிட்டால் குழம்பு தடித்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். பாணுக்கும் ரொட்டிக்கும் ஒத்துப்போகும், சோற்றோடு உண்பதற்கு அரிசி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் மூடிச் சூடாக்கினால், சரக்குத்தூள் இன்னும் ஊறி முதல்நாளைவிட நன்றாக இருக்கும். சுருட்ட முடியாமல் நடுவில் மீந்த சின்ன இலைகளைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ தூவிக் காலையில் சுண்டலாக்கிவிடுங்கள்.