பார்த்தவரை எழுந்து செயல்பட வைக்கும் குறும்படம்

படம் பார்த்தவர் மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். ‘விழிப்புணர்வு பெற வேண்டும்’ என்பது பதிலல்ல. ‘பள்ளிக் கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று போய்க் கேட்க வேண்டும்’ என்பதுதான் பதில்.

பிறகு அந்தப் பூட்டைக் காட்டுங்கள். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத மாணவியின் பாட்டில், மாலையிலும் நிரம்பியே இருப்பதை 8 விநாடி கேமரா அசையாமல் எடுங்கள். அங்கே சோக இசை வேண்டவே வேண்டாம். பார்ப்பவர் அழுதுவிட்டுப் போய்விடுவார், கோபம் வராது.

பேட்டிக்குக் காலர் மைக் அவசியம். ஒவ்வோர் இடத்திலும் 30 விநாடி வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒலி துண்டுதுண்டாகத் தெரியும்.

படத்தில் வருபவரிடம், முகம் காட்டலாமா என்று எடுக்கும் முன்பும், எடிட் செய்த படத்தைக் காட்டியும் கேளுங்கள். சிறுவர் என்றால் பெற்றோரிடமும்.

திரையிடல் முடிந்ததும் மனுப் படிவத்தை அங்கேயே கையில் கொடுங்கள்.