மும்பைக்குள் எரிமலைப் பாறைகளைத் தேடி ஒரு நாள் நடை

6 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பின் மேல்தான் மும்பை இருக்கிறது. அதைப் பார்க்க மலையேற்றப் பயிற்சியெல்லாம் வேண்டாம், லோக்கல் ரயில் போதும். திங்கட்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், போரிவலி தேசியப் பூங்காவுக்கு அன்று விடுமுறை.

மாட்டுங்காவில் இட்லி, காபி முடித்து, மாட்டுங்கா ரோடு நிலையத்தில் ஸ்லோ லோக்கல் பிடித்து அந்தேரியில் இறங்குங்கள். மேற்குப் பக்கம் வந்து ஆட்டோக்காரரிடம் "கில்பர்ட் ஹில்" என்றால் போதும், நாம் தேடி வந்த எரிமலைக் கல் குன்று அதுதான்.

இங்கேதான் பலரும் நேரே படியேறி, காவ்தேவி கோவிலில் கும்பிட்டு, ஊரைப் படம் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். மேலே நின்றால் காலடியில் இருக்கும் அதிசயம் தெரியவே தெரியாது. முதலில் அடிவாரத்துச் சந்துகளில் நடந்து, பாறையின் செங்குத்தான முகம் தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சுமார் 200 அடி உயரத்துக்குக் கருந்தூண்கள் நெருக்கியடித்து நிற்கும். குழம்பு மெல்ல ஆறும்போது சுருங்கியது. வறண்ட ஏரிச் சேறு வெடிப்பதுபோல் மேலே விழுந்த விரிசல்கள் அப்படியே உள்ளே இறங்கி, பாறையைத் தூண் தூணாகப் பிரித்துவிட்டன. எத்தனை தூணுக்கு ஐந்து பக்கம், எத்தனைக்கு ஆறு என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் கல் உடைத்து எடுத்தது போக மிஞ்சியது இவ்வளவுதான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்புறம் படியேறுங்கள்.

மறுபடி ரயில், போரிவலி. கிழக்குப் பக்கம் பூங்கா வாசல். அங்கிருந்து கன்ஹேரி குகைகள் 6 கி.மீ.க்கு மேல் என்பதால் உள்ளே ஓடும் பேருந்தில் போய், தெம்பைக் குகைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குகைக்குத் தனி டிக்கெட். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகளில் மூன்றாம் எண் சைத்தியத்தை (பௌத்த வழிபாட்டுக் கூடம்) தவறவிடக் கூடாது. சுவரைக் கிட்டே பாருங்கள்: அந்தேரித் தூண்போல் இல்லாமல், உடைந்த எரிமலைக் கல் துண்டுகள் ஒட்டி இறுகிய பாறை. மழைநீரைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோகப் பிக்குகள் வெட்டிய வாய்க்கால்களும் கண்ணில் படும்.

செருப்பு வேண்டாம். பிடிமானமுள்ள ரப்பர் அடி ஷூதான் என் கட்சி, மழைக்காலத்தில் இந்தக் கல் வழுக்கும். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள், குரங்குகள் அதிகம்.

பின்சேர்க்கை: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தாராளமாக. கில்பர்ட் ஹில்லில் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கன்ஹேரியில் முதல் மூன்று குகைகள் போதும், அவை நுழைவிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.