கெப் வண்டியின் முன்பக்கத்தைக் குறைந்த செலவில் உயர்த்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டபுள் கெப் வாங்கிய பலருக்கு அதன் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்பது ஒரு குறையாகவே படுகிறது. உண்மையில் அது தொழிற்சாலையிலேயே திட்டமிட்டு வைக்கப்பட்ட சரிவு. பின்னால் பாரம் ஏறி லீஃப் ஸ்பிரிங் (பின்பக்கத்தைத் தாங்கும் தகட்டு வில்) அமுங்கும்போது வண்டி மட்டத்துக்கு வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே வெறும் வண்டியை மட்டும் பார்த்து உயரத்தைத் தீர்மானிப்பதுதான் முதல் தவறு. கொழுந்து மூட்டைகளையோ மரக்கறிக் கூடைகளையோ ஏற்றிக்கொண்டு ஹட்டன், இறம்பொடை ஏற்றங்களில் செல்லும் வண்டியின் முன்பக்கத்தை மிகையாக உயர்த்தினால், பாரம் ஏறியதும் மூக்கு மேலே தூக்கி நிற்கும். வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒருமுறை அளந்து பார்த்தால், பெரும்பாலானோருக்கு ஓர் அங்குலமே போதும் என்பது தெரியவரும்.

அளப்பதிலும் தவறு நேர்கிறது. நிலத்திலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அது தளர்ந்த ஸ்பிரிங்கின் அல்லது தேய்ந்த புஷ்ஷின் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறையின்) அடையாளமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் உயர்த்துவது நோயை மறைப்பதாகவே முடியும்.

பழைய ஹைலக்ஸ், பழைய எல்200 போன்ற, ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் தண்டு (டோர்ஷன் பார்) முன்பக்கத்தைத் தாங்கும் வண்டிகளில் ஒரு போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயர்ந்துவிடும் என்பதால், செலவில்லாத இந்த வழியிலேயே அதிகச் சேதம் நடக்கிறது. முறுக்கினால் அந்தத் தண்டு கடினமாகிவிடுவதில்லை. சில்லு கீழிறங்குவதற்கு இருந்த இடம்தான் குறைகிறது. மேல் ஆர்முக்கும் (சில்லைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கைக்கும்) அதைத் தடுக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள்: சமதரையில் நிற்கும்போதே அது ஏறக்குறைய மூடிவிட்டதென்றால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஆர்ம் அந்த ரப்பரில் மோதும். ‘வண்டி குலுக்குகிறது’ என்று புதிய ஷொக் அப்சோபர் வாங்குவோர் பலர் பார்க்கத் தவறுவது இதைத்தான். முறுக்குவதற்கு முன் சேசிஸைத் தாங்கியின் மேல் நிறுத்திச் சில்லுகளைத் தொங்கவிட வேண்டும். போல்ட்டின் பழைய நிலையைப் பெயின்டால் குறித்து, புரியில் கிரீஸ் இட வேண்டும். சுமை தாங்கி நிற்கும் போல்ட்டைத் துருவோடு முறுக்கினால் புரி கழன்றுவிடும். பிறகு சிறிது தூரம் ஓட்டி, வண்டி படிந்த பின்பே மீண்டும் அளக்க வேண்டும்.

விகோ முதலான கொயில் ஸ்பிரிங் ஹைலக்ஸ் வண்டிகளில், ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் சேர்ந்த பாகத்தின்) மேல் வைக்கும் ஸ்பேசர் என்ற இடைத்தகட்டின் தடிப்பும் வண்டி உயரும் அளவும் ஒன்றல்ல. ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் உட்பகுதியில் பொருத்தப்பட்டிருப்பதால் உயர்வு ஏறத்தாழ இரு மடங்காகிறது. இரண்டு அங்குலம் உயர வேண்டும் என்று இரண்டு அங்குல ஸ்பேசரையே வாங்குபவர், முன்சில்லுகளைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகளை அளவுக்கு மீறிய கோணத்தில் ஓடவிடுகிறார். வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, அந்த மூட்டுகளின் ரப்பர் உறைகளின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். கொயிலின் சுற்றுகளுக்கிடையே ரப்பர்த் துண்டு செருகுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது ஸ்பிரிங்கின் ஒரு பகுதியை மட்டும் முடக்கி, மற்ற சுற்றுகளின் மேல் அழுத்தத்தைக் கூட்டும். குழிவிழுந்த தோட்டப் பாதையில் கழன்று விழவும் கூடும்.

பின்பக்க லீஃபில் ஒரு தகட்டைக் கழற்றி, பின்பக்கத்தைத் தாழ்த்தி மட்டமாக்குவதும் இதே வகைத் தவறுதான். பாரம் சுமக்கும் வலு குறைவதோடு, சுமைக்கேற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டிகளில் பிரேக்கின் சமநிலையும் குழம்பும்.

பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் வீல் அலைன்மென்ட். முன்பக்கம் உயர்ந்ததும் கேம்பர் (சில்லின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), டோ (சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் கோணம்) ஆகிய மூன்றும் மாறும். காஸ்டர் குறைந்தால் கொண்டை ஊசி வளைவைக் கடந்த பின் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரத் தயங்கும். டோ பிசகினால் புதிய டயரும் விரைவில் ஓரம் தேயும். டோவை மட்டும் சரிசெய்து அனுப்பும் கராஜில், மற்ற இரண்டு அளவுகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காஸ்டரை உரிய அளவுக்குக் கொண்டுவர முடியாவிட்டால் உயரத்தைக் குறைப்பதே மலிவான தீர்வு.

கடைசியாக, ஹெட்லைட். முன்பக்கம் உயர்ந்தால் ஒளியும் உயர்ந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். நுவரெலியாப் பாதையின் பனிமூட்டத்திலோ, ஓட்டுபவரின் கண்ணுக்கே வெண்திரையாகத் திரும்பி வரும். விளக்குக்குப் பின்னால் உள்ள திருகைத் திருப்பி ஒளியை இறக்கிக்கொள்ளலாம். அதையும் வழக்கமான பாரம் ஏற்றிய நிலையில், ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தே செய்ய வேண்டும்.