பி.பி. உள்ளவர்கள் சிறுநீர்ப்பைக்குக் கேடு வராமல் உடற்பயிற்சி செய்வது எப்படி?

உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பலர் நடைப்பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் மூட்டுவலியோ சோம்பலோ காரணம் அல்ல. நடக்கையில் சிறுநீர் முட்டுகிறது, இருமினால் சொட்டுகிறது, இதை யாரிடமும் சொல்லக் கூச்சம். அதற்காக நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமாகப் பயிற்சி செய்தால் பி.பி.யின் மேல் எண் 5 முதல் 8 புள்ளி வரை இறங்கலாம். எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 சதவீத எடை குறைந்தாலே கசிவும் குறையும். இரண்டையும் சேர்த்துக் கெடுப்பது ஒன்று உண்டு: தம் கட்டுவது.

மூச்சை அடக்கி முக்கும்போது வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது. பி.பி. சட்டென்று எகிறும். அதே நொடியில் சிறுநீர்ப்பை அமுங்கி, அதைத் தாங்கும் இடுப்புத்தளத் தசையும் கீழே தள்ளப்படும். கனமான எடை தூக்கும்போது ஆடை நனைவது இதனால்தான். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். எத்தனை தடவை என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்கவே முடியாது. முக்காமல் கடைசித் தடவையை முடிக்க முடியவில்லை என்றால் எடை உங்களுக்கு அதிகம், குறையுங்கள்.

நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியில் இதைப் பழகலாம். நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். முதலில் இடுப்புத்தளத் தசையை உள்ளே மேலே இழுங்கள் (எப்படி என்று கீழே இருக்கிறது). பிறகு 'ஃபூ' என்று ஊதியபடி எழுங்கள். நின்றதும் தசையைத் தளர்த்தி, மூச்சை இழுத்துக்கொண்டு மெதுவாக உட்காருங்கள். 8 முதல் 10 தடவை போதும்.

இடுப்புத்தளத் தசையைப் பிடிப்பது

காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்குங்கள். அதோடு முன்பக்கத்தையும் சிறுநீரை நிறுத்துவதுபோல் மேலே இழுங்கள். ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். வயிறு உப்பினால் நீங்கள் இழுக்கவில்லை, கீழே தள்ளுகிறீர்கள். தொடையும் பிட்டமும் இறுகினால் வேலையை வேறு தசைகள் எடுத்துக்கொண்டன என்று பொருள். சரியாகப் பிடிபட்டதும் 6 விநாடி பிடித்து 6 விநாடி தளர்த்துங்கள். தொடக்கத்தில் 3 விநாடிதான் முடிகிறது என்றால் அதுவே சரி. 8 முதல் 10 தடவை, நாளுக்கு 3 வேளை. ஆண்களுக்கும் இது உண்டு. பலன் தெரிய 12 வாரம் வரை ஆகலாம். இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டுவிடாதீர்கள். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் போகும். இருமல், தும்மல் வருமுன் இந்தத் தசையை ஒரு தடவை இறுக்கினால் கசிவு குறையும். ஆனால் இடுப்பில் வலியோ, சிறுநீர் இறங்கச் சிரமமோ இருந்தால் தசை ஏற்கனவே இறுகியிருக்கலாம்; பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

நடக்கும்போது முட்டினால் கழிப்பறையை நோக்கி ஓடாதீர்கள். நில்லுங்கள், இடுப்புத்தளத்தை வேகமாக 5 தடவை சுருக்கி விடுங்கள். சிறுநீர்ப்பையின் துடிப்பு அடங்கும். அந்த அலை ஓய்ந்ததும் நிதானமாக நடந்து போங்கள்.

மாத்திரைக்கு ஏற்ற நேரம்

ஃபுரோஸ்மைடு போன்ற நீர் மாத்திரையைச் சாப்பிட்டால் முதல் இரண்டு மணி நேரத்தில்தான் சிறுநீர் அதிகமாக வரும். அந்த நேரத்தில் வெளியே போகாமல், மாத்திரைக்கு முன்போ நன்கு பின்போ நடங்கள். அம்லோடிபின் சாப்பிடுபவர்களுக்குக் கணுக்கால் வீங்கலாம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், இரவில் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. இரவில் மூன்று நான்கு தடவை எழுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மாலையில் அரை மணி நேரம் நடங்கள். பிறகு காலை உயர்த்தி வைத்துப் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். கெண்டைக்கால் தசைதான் அந்த நீரை மேலேற்றும் பம்பு. எனாலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். ஒவ்வொரு இருமலும் கசிவுதான். மாற்று மாத்திரை உண்டு, கேளுங்கள். பிரசோசின் சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்துவதால் பெண்களுக்குக் கசிவு கூடலாம், எழும்போது தலைசுற்றும். பயிற்சியைச் சட்டென்று நிறுத்தாமல் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். அடெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத்துடிப்பைக் குறைத்துவிடும்; அதைச் சாப்பிடுபவர்கள் பயிற்சியின் வேகத்தை அளக்க நாடித்துடிப்பை நம்பாதீர்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது.

சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதும் தவறு. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி இன்னும் அடிக்கடி போகவைக்கும். இதய, சிறுநீரகக் கோளாறுக்காக அளவு சொல்லப்பட்டவர்கள் தவிர மற்றவர்கள் பகலில் பரவலாகக் குடித்து, படுக்க இரண்டு மணி நேரம் முன் நிறுத்தலாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருந்தால் பி.பி.யும் இறங்கும், இரவுச் சிறுநீரும் குறையும்.

பி.பி. பார்க்குமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். பை நிறைந்திருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். பயிற்சி முடிந்து 30 நிமிடமாவது கழியட்டும், 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சிறுநீர் அடியோடு இறங்காமல் நின்றுபோவது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, கடும் பயிற்சிக்குப் பிறகு அது அடர்பழுப்பாகப் போனாலோ அன்றே காட்டுங்கள்.